அழிய மறுக்கும் கோப்பு

"அண்ணே, ஒரே ஒரு கோப்புதான் அழிய மாட்டேங்குது. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஃபார்மேட் பண்ணிடட்டுமா?"

கடந்த ஆண்டு, பேரவையின் கலை நிகழ்ச்சி முடிந்த மறுநாள் இரவு, இளைய மாணவர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்வி இது. நிகழ்ச்சியின் படங்கள் அனைத்தும் அந்த ஒரே நினைவட்டையில் இருந்தன.

"ஒண்ணும் தொடாத தம்பி. அட்டையைக் கழட்டி மேசை மேல வச்சிடு. காலையில நான் வர்றேன்" என்றேன்.

ஒரு கோப்பை அழிப்பதற்கு இத்தனை பதற்றம் ஏன் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். காரணம் உண்டு. அதே கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டு, தவறான விடையையும் சொல்லிக்கொண்ட ஒரு நாள் என் மாணவப் பருவத்தில் இருக்கிறது. அதனைச் சொல்லிவிட்டு, அழிய மறுக்கும் கோப்பை எப்படி அழிப்பது, அதற்கு முன் எதைச் செய்ய வேண்டும் என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தோட்டம், 180 படங்கள்

2008-ஆம் ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டு மாணவன். சிலாங்கூரில் மூடப்படவிருந்த ஒரு தோட்டத்துக்குப் பேரவையிலிருந்து பத்துப் பேர் சென்றோம். லயன் வீடுகள், கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, இன்னும் அங்கேயே தங்கியிருந்த பெரியவர்கள் என எல்லாவற்றையும் படமெடுத்து ஆவணப்படுத்துவது எங்கள் திட்டம். படக்கருவி என் பொறுப்பு.

காலையில் முதல் வீட்டிலேயே ஒரு பாட்டி எங்களை நிறுத்தினார். பேரப்பிள்ளைகள் இருவரை இழுத்துத் தம் இருபுறமும் நிறுத்திக்கொண்டு படமெடுக்கச் சொன்னார். "ஒண்ணு கழுவிக் கொண்டாந்து குடு தம்பி. மறந்துடாத" என்றார். மறக்கமாட்டேன் பாட்டி என்றேன்.

மாலைக்குள் 180 படங்கள் எடுத்துவிட்டேன். கடைசிப் படம் அட்டையில் பதிவாகிக்கொண்டிருந்தபோதே மின்கலம் தீர்ந்து கருவி அணைந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. விடுதிக்குத் திரும்பி அட்டையைக் கணினியில் செருகியபோது, படங்களுக்கிடையே ஒரு விநோதமான கோப்பு தென்பட்டது. பெயர் முழுவதும் கட்டங்களும் குறியீடுகளும். அளவு 3.6 கிகாபைட். அட்டையின் மொத்தக் கொள்ளளவோ வெறும் 2 கிகாபைட். கோப்பின் தேதி 2098-ஆம் ஆண்டு!

அழித்துப் பார்த்தேன், முடியாது என்றது கணினி. பெயரை மாற்றிப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. அட்டையைக் கருவியில் போட்டால் அட்டைப் பிழை என்று காட்டி, அடுத்த படம் எடுக்க மறுத்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் துறையின் இரவு விருந்து. வேறு அட்டை கைவசம் இல்லை. தோட்டத்துப் படங்களை உடன் வந்த நண்பர் தம் கணினியில் நகலெடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் எடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருந்தார். கருவியிலேயே ஃபார்மேட் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பிடிவாதக் கோப்பு நொடியில் ஒழிந்தது. மகிழ்ச்சியோடு விருந்துக்குப் போய் 58 படங்கள் எடுத்தேன்.

மறுநாள்தான் உண்மை தெரிந்தது. மீட்பு மென்பொருள் ஒன்றை இயக்கி, 180-இல் 117 படங்களைத் திரும்பப் பெற்றோம். போனவற்றுள் பெரும்பாலானவை நாளின் தொடக்கத்தில் எடுத்தவை. முதல் வீட்டுப் படமும் அவற்றுள் ஒன்று. ஏன் தொடக்கத்தில் எடுத்தவை மட்டும் போயின என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அது புரிய வேண்டுமானால் அட்டைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டைக்குள் ஒரு நூலகம்

மெமரி கார்டு என்று நாம் பேச்சில் சொல்லும் நினைவட்டையின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் இல்லாதபோதும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய சிற்றறைகளால் ஆனது அது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் இதனைக் கண்டுபிடித்தார். இன்று அட்டைகளில் பயன்படும் நேண்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. நாம் அதிகம் பயன்படுத்தும் எஸ்டி அட்டையை 1999-இல் சான்டிஸ்க், தோஷிபா, மட்சுஷிதா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிமுகம் செய்தன. மட்சுஷிதாவைப் பானசோனிக் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இந்த அட்டையை ஒரு பெரிய நூலகமாக எண்ணிக்கொள்ளுங்கள். நூலகத்தில் மூன்று உண்டு: நூல்கள் இருக்கும் அடுக்குகள், எந்த அடுக்கு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்னும் பதிவேடு, நூலின் பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டும் பட்டியல். நினைவட்டையிலும் அதே மூன்றும் உள்ளன.

முதலாவது, அடுக்குகள். அட்டையின் இடம் முழுவதும் சமமான துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும். இவற்றைக் கிளஸ்டர் என்பர். ஒரு துண்டு 32 கிலோபைட் என்று கொண்டால், 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்துக்கு 96 துண்டுகள் வேண்டும்.

இரண்டாவது, பதிவேடு. ஃபேட் என்று அழைக்கப்படும் ஒதுக்கீட்டு அட்டவணை இதுதான். 1977-இல் மைக்ரோசாஃப்டில் உருவான இம்முறை பல மாற்றங்களோடு இன்றும் வாழ்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கும். 'எனக்கு அடுத்த துண்டு 501' என்று 500-ஆம் துண்டின் குறிப்பு சொல்லும். 501-இன் குறிப்பு 502-ஐக் காட்டும். கடைசித் துண்டில் 'முடிந்தது' என்னும் அடையாளம் இருக்கும். இப்படிக் கைகோத்து நிற்கும் சங்கிலிதான் ஒரு கோப்பு.

மூன்றாவது, பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவுள்ள ஒரு பதிவு இதில் உண்டு. கோப்பின் பெயர், தன்மை, தேதி, முதல் துண்டின் எண், மொத்த அளவு ஆகியவை அதற்குள் அடங்கும். நீண்ட பெயர் இருந்தால் கூடுதல் பதிவுகள் சேரும்.

2 கிகாபைட் வரையிலான எஸ்டி அட்டைகளில் ஃபேட்16, அதற்கு மேல் 32 கிகாபைட் வரை ஃபேட்32, அதற்கும் மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபேட் என்பது பொதுவான ஏற்பாடு. எக்ஸ்ஃபேட்டின் உள்ளமைப்பு சற்று வேறுபடும். எனினும் அடுக்கு, பதிவேடு, பட்டியல் என்னும் அடிப்படை மாறாது.

இப்போது 2098-ஆம் ஆண்டின் மர்மம் விளங்கும். அந்த 32 பைட் பதிவில் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது ஏழு பிட் மட்டுமே. 1980 தொடங்கி 2107 வரை எந்த ஆண்டையும் அதில் குறிக்கலாம். அளவுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ கிட்டத்தட்ட 4 கிகாபைட் வரை காட்டக்கூடியது. பதிவு இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ குப்பை எழுதப்பட்டால், கணினி அந்தக் குப்பையையே பெயராகவும் தேதியாகவும் அளவாகவும் வாசித்துக் காட்டும். நான் பார்த்தது ஒரு கோப்பே அன்று. அது கிழிந்துபோன ஒரு பட்டியல் சீட்டு.

அழித்தல் என்பது என்ன?

நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது அடுக்கிலுள்ள நூலை யாரும் எரிப்பதில்லை. பட்டியல் சீட்டின் முதல் எழுத்தின் மேல் 'இது நீக்கப்பட்டது' என்னும் ஓர் அடையாளம் இடப்படும். பிறகு சங்கிலியின் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை நடந்து சென்று, ஒவ்வொன்றையும் 'காலி' என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். நூல் அடுக்கிலேயே இருக்கும். புதிய நூல் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் வரை அதனை மீட்க வழியுண்டு.

விரைவு ஃபார்மேட் செய்வதும் இதே கதைதான். பதிவேட்டையும் பட்டியலையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அது. நான் இழந்த படங்களின் விடையும் இதில்தான் இருக்கிறது. ஃபார்மேட் செய்த பின்னும் 180 படங்களும் அடுக்கில் இருந்தன. ஆனால் கருவியைப் பொறுத்தவரை அட்டை காலி. ஆகவே விருந்துப் படங்களை முதல் அடுக்கிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்தது. முதல் அடுக்குகளில் இருந்தவை தோட்டத்தில் காலையில் எடுத்த படங்கள். அவற்றின் மேல்தான் அந்த 58 படங்களும் ஏறி உட்கார்ந்தன. படங்களை இழக்கச் செய்தது ஃபார்மேட் அன்று; அதன் பின் நான் எடுத்த புதிய படங்கள்.

கோப்பு ஏன் மறுக்கிறது?

அழிய மறுக்கும் கோப்புகளுக்குப் பின்னால் பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். எளியதிலிருந்து பார்ப்போம்.

முதலாவது, பூட்டு. எஸ்டி அட்டையின் இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறு நகர்த்தி இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் கணினி அட்டையில் எதையும் எழுதாது, அழிப்பதும் எழுதுவதே. கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருந்தாலும் அழியாது. கோப்பின் பண்புகளில் 'வாசிக்க மட்டும்' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் சில மென்பொருள்கள் தயங்கும். இவை பழுதே அல்ல.

இரண்டாவது, பெயர். விண்டோஸ் சில பெயர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. கான், ஆக்ஸ், நல் முதலியவை பழைய டாஸ் காலத்துக் கருவிப் பெயர்கள். பெயரின் இறுதியில் புள்ளியோ இடைவெளியோ வந்தாலும் விண்டோஸ் குழம்பும். வேறு இயங்குதளமோ கருவியோ அப்படியொரு பெயரை வைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் கோப்பைக் கணினி 'காணவில்லை' என்று சொல்லும்.

இந்தக் குறையையே நன்மைக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. கல்லூரிக் கணினிக்கூடங்களில் விரலி வழியாக ஆட்டோரன் நச்சுநிரல்கள் பரவிய காலத்தைப் பழைய மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது பாண்டா என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு தடுப்பூசி மென்பொருளை இலவசமாக வழங்கியது. நச்சுநிரல் உருவாக்க விரும்பும் அதே பெயரில், எளிதில் அழிக்க முடியாத ஒரு கோப்பை அது முன்கூட்டியே விரலியில் இட்டுவிடும். நிரல் வந்து பார்த்தால் நாற்காலி நிரம்பியிருக்கும், அகற்றவும் முடியாது! ஆகவே பழைய அட்டையில் அழியாத ஆட்டோரன் கோப்பைக் கண்டால், அது நோயாக இல்லாமல் மருந்தாகவும் இருக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான சீர்கேடு. ஒரு படத்தைச் சேமிக்கும்போது கருவி மூன்று இடங்களில் எழுத வேண்டும்: அடுக்கில் படம், பதிவேட்டில் சங்கிலி, பட்டியலில் சீட்டு. இடையில் மின்கலம் தீர்ந்தாலோ, அட்டையைப் பிடுங்கினாலோ, மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கும். சீட்டு இருக்கும், சங்கிலி இராது. அல்லது ஒரு கோப்பின் சங்கிலி நடுவில் தடம் மாறி இன்னொரு கோப்பின் துண்டுக்குள் நுழைந்துவிடும்.

இந்தக் கடைசி நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழுதான கோப்பின் சங்கிலி, பாட்டியின் படம் இருக்கும் துண்டுகளுக்குள் சென்று முடிகிறது என்று கொள்வோம். கணினி நம் சொல்லைக் கேட்டு அந்தச் சங்கிலி முழுவதையும் 'காலி' என்று குறித்தால் என்ன ஆகும்? நல்ல படம் இருக்கும் இடமும் காலி என்று பதிவாகும். அடுத்து எடுக்கும் படம் அதன் மேல் எழுதப்படும். ஆகவே பதிவேட்டில் முரண்பாட்டைக் கண்டதும் இயங்குதளம் 'இந்தக் கோப்பு சீர்கெட்டுள்ளது' என்று சொல்லி நின்றுவிடுகிறது. லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய பிழையைக் கண்டதும் அட்டை முழுவதையும் 'வாசிக்க மட்டும்' என்று மாற்றிவிடுவது வழக்கம். நமக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது. உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. நோய் அந்த ஒரு கோப்பில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. மற்ற கோப்புகள் நன்றாகத் தோன்றினாலும் அவையும் அதே பதிவேட்டை நம்பித்தான் இருக்கின்றன.

நான்காவது, அட்டையின் முதுமை. ஃபிளாஷ் சிற்றறைகளை எண்ணற்ற முறை அழித்து எழுத முடியாது. தாங்கும் எல்லை நெருங்கும்போதோ உள்ளே பழுது ஏற்படும்போதோ, சில அட்டைகளின் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதுவதை அடியோடு நிறுத்திக்கொள்ளும். அழித்தால் அழிந்தது போலத் தோன்றும். கழற்றி மீண்டும் செருகினால் கோப்பு திரும்ப வந்து நிற்கும்.

முதலில் மீட்பு

இனி செய்முறைக்கு வருவோம். அழிப்பதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு. வரிசை மாறக்கூடாது.

ஒன்று, எழுதுவதை நிறுத்துங்கள். அட்டையைக் கருவியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டுப் பூட்டைப் போடுங்கள். கைத்தொலைபேசியில் பயன்படும் மைக்ரோ எஸ்டி அட்டையில் பூட்டு இல்லை. ஆனால் அதனைச் செருகும் பெரிய அடாப்டரில் உண்டு. கணினியில் செருகியதும் 'இந்த அட்டையில் சிக்கல் உள்ளது, சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று மூடிவிடுங்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டாலும் அதே விடைதான்.

இரண்டு, திறக்கக்கூடியவற்றை நகலெடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகல் மட்டும். மொத்தக் கோப்புறையையும் ஒரே முறையில் இழுத்தால் பழுதான கோப்பில் வந்து மொத்த வேலையும் நின்றுவிடலாம். ஆகவே அதை விட்டுவிட்டு மற்றவற்றைச் சிறு சிறு தொகுதிகளாக எடுங்கள். முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். சில படங்களையாவது முழு அளவில் திறந்து பாருங்கள். சிறு உருவில் நன்றாகத் தெரியும் படம் உள்ளே பாதி சாம்பல் நிறமாக இருக்கக்கூடும்.

மூன்று, திறக்காதவற்றை மீட்பு மென்பொருளால் தேடுங்கள். போட்டோரெக் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இது பட்டியலையும் பதிவேட்டையும் நம்புவதில்லை. அடுக்கு அடுக்காகச் சென்று, ஜேபெக் படம் தொடங்கும்போது வரும் குறிப்பிட்ட பைட்டுகளைத் தேடி, அங்கிருந்து படத்தை எடுத்துத் தருகிறது. படக்கருவிகள் பெரும்பாலும் வரிசையாக எழுதுவதால் இம்முறை நல்ல பலன் தரும். துண்டுகள் சிதறிக் கிடந்தால் படம் முழுமையாக வராது. கோப்புப் பெயர்களும் போய்விடும். ஆனால் எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், வரிசையை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். எங்கள் 117 படங்களையும் அப்படித்தான் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு அடுக்கினோம். மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்கக்கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

அட்டை அடிக்கடி இணைப்பு அறுந்தாலோ, வாசிக்க மிக மெதுவானாலோ, முதலில் அட்டை முழுவதையும் ஒரே கோப்பாகக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் மீட்பு வேலையைச் செய்வது நல்லது. நோயாளியை மீண்டும் மீண்டும் நடக்கவிடாமல் இருப்பது போன்றது அது.

கைத்தொலைபேசி அட்டைக்கு ஒரு குறிப்பு. 2015-இல் வெளிவந்த ஆண்டிராய்டு 6 முதல், அட்டையைத் தொலைபேசியின் உள்நினைவகமாகவே மாற்றும் வசதி சில கருவிகளில் உண்டு. அவ்வாறு மாற்றிய அட்டை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கணினியில் செருகினால் வாசிக்க முடியாது. அதைப் பழுது என்று எண்ணி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அதன் படங்களை அதே தொலைபேசி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு பழுது, அதன் பின் அழிப்பு

வேண்டியவை எல்லாம் பத்திரமாக வேறிடத்துக்கு வந்த பிறகு பூட்டைத் திறந்துவிட்டு அழிக்கும் வேலையைத் தொடங்கலாம்.

முதலில் எளிய காரணங்களை நீக்குங்கள். வேறொரு கார்டு ரீடரில் செருகிப் பாருங்கள். எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு முயலுங்கள். பண்புகளில் 'வாசிக்க மட்டும்' என்னும் குறியை எடுத்துவிடுங்கள்.

பெயர்தான் சிக்கல் என்றால் விண்டோஸின் கட்டளைத் திரையைத் திறவுங்கள். டி, ஐ, ஆர் என்னும் கட்டளையோடு ஒரு சாய்கோடும் எக்ஸ் என்னும் எழுத்தும் சேர்த்தால், கோப்புகளின் குறும்பெயர்களும் தெரியும். குறும்பெயர் இருந்தால் அதைக் கொண்டு டி, இ, எல் என்னும் கட்டளையால் அழிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கோப்பின் முழு முகவரிக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு சேர்த்து எழுதுங்கள். பெயரை ஆராயாமல் அப்படியே எடுத்துக்கொள் என்று விண்டோஸிடம் சொல்லும் முறை அது.

பதிவேடு சீர்கெட்டிருந்தால் செக்டிஸ்க்கை இயக்க வேண்டும். அட்டையின் மேல் வலச்சொடுக்குச் செய்து பண்புகளுக்குள் சென்றால், கருவிகள் என்னும் பகுதியில் பிழை சரிபார்க்கும் பொத்தான் இருக்கும். கட்டளைத் திரையில் என்றால் சி, எச், கே, டி, எஸ், கே என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு அட்டையின் எழுத்தும் முக்காற்புள்ளியும், மீண்டும் இடைவெளி விட்டுச் சாய்கோடும் எஃப் எழுத்தும் சேர்த்து இயக்கலாம். அட்டையின் எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். மேக் கணினியில் டிஸ்க் யூட்டிலிட்டியில் உள்ள ஃபர்ஸ்ட் எய்ட் இதே வேலையைச் செய்கிறது.

ஏன் இதனை மீட்புக்கு முன்னால் செய்யக்கூடாது? செக்டிஸ்க்கின் கடமை பதிவேட்டைச் சீராக்குவது. உங்கள் படங்களைக் காப்பது அன்று. முரண்பட்ட சங்கிலியை அது வெட்டும். உரிமை கோருவார் இல்லாத துண்டுகளைத் திரட்டி, சி, எச், கே என்று முடியும் பெயர்களில் தனிக் கோப்புறையில் போடும். நல்ல படம் ஒன்று அந்த வெட்டில் சிக்கினால் அதற்கு இரக்கம் கிடையாது. கணக்கர் கணக்கை நேராக்குவார். பொருள் எங்கே போயிற்று என்பது அவர் கவலை இல்லை.

சரிபார்ப்பு முடிந்ததும் அந்தப் பிடிவாதக் கோப்பு பெரும்பாலும் தானாகவே மறைந்திருக்கும், அல்லது சாதாரணமாக அழியும். அழியாவிட்டால் இப்போது தாராளமாக ஃபார்மேட் செய்யலாம். எஸ்டி சங்கமே இதற்கென ஒரு மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. அதன் பிறகு அட்டையை எந்தக் கருவியில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே ஒருமுறை ஃபார்மேட் செய்துகொள்வது நலம்.

ஃபார்மேட்டுக்கும் அசையாவிட்டால்

ஃபார்மேட் செய்து, கழற்றி, மீண்டும் செருகினால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா? அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது. அதிலுள்ளவற்றை நகலெடுத்துக்கொண்டு விடைகொடுங்கள். தனிப்பட்ட படங்கள் இருந்தால் அட்டையை உடைத்துவிட்டு எறிவது நல்லது.

ஃபார்மேட் ஆகிறது, ஆனால் புதிய கோப்புகள் மீண்டும் மீண்டும் சீர்கெடுகின்றனவா? அட்டையே போலியாக இருக்கலாம். 8 கிகாபைட் மட்டும் கொண்ட அட்டை, 64 கிகாபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்யப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் நன்றாக நடக்கும். அதன் பிறகு சேர்ப்பவற்றுக்குப் பட்டியலில் பெயர் இருக்கும், அளவும் இருக்கும். உள்ளே எதுவும் இராது. பாசார் மாலாமிலோ இணையக் கடையிலோ நம்பமுடியாத விலைக்குக் கிடைத்த அட்டை என்றால் முதலில் இதனைச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய மென்பொருள்கள் அட்டை முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே இதனைச் செய்வது உத்தமம்.

அந்தக் காலை

தொலைபேசியில் அழைத்த தம்பியின் அறைக்கு மறுநாள் காலை சென்றேன். சொன்னபடியே அட்டை மேசை மேல் இருந்தது. பூட்டைப் போட்டோம். பழுதான கோப்பைத் தவிர மற்றவை அனைத்தையும் நகலெடுத்து, எண்ணிக்கையை இருவரும் தனித்தனியே எண்ணிச் சரிபார்த்தோம். திறக்க மறுத்த நான்கு படங்களில் மூன்றை போட்டோரெக் மீட்டுத் தந்தது. அதன் பிறகுதான் செக்டிஸ்க். அது முடிந்தபோது அந்தக் கோப்பு இருந்த இடம் தெரியவில்லை. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தேன்?" என்று சிரித்தார் தம்பி.

பேரவை நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. நிகழ்ச்சி முடிந்ததும் யார் நகலெடுக்கிறார் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் பெயரோடு எழுதி வையுங்கள். இரண்டு இடங்களில் நகல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அட்டையைக் காலி செய்யுங்கள். மின்கலம் சிவப்பில் எரியும்போது படமெடுக்காதீர்கள். முறையாக வெளியேற்றாமல் அட்டையைப் பிடுங்காதீர்கள். கையிருப்பில் இன்னோர் அட்டை எப்போதும் இருக்கட்டும். அன்று என்னிடம் இரண்டாவது அட்டை ஒன்று இருந்திருந்தால், ஃபார்மேட் பொத்தானை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அந்தத் தோட்டத்துக்கு அடுத்த ஆண்டு, மீட்ட படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். லயன் வீடுகள் இடிக்கப்பட்டுச் செம்மண் மேடாகக் கிடந்தன. கோயில் மட்டும் இன்னும் நின்றது. பூசை செய்து கொண்டிருந்தவரிடம் விசாரித்தோம். முதல் வீட்டுப் பாட்டி மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த படங்களை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். தெரிந்தால்தான் என்ன, அவரிடம் கொடுக்க என்னிடம் படம் இல்லை.